ஒன்பது விஞ்ஞானிகள், ஆறு பல்புகள்

மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மருந்துக் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே, எட்டடி அகலத்தில் ஒரு ஃபிரேம் கடை இருக்கிறது. உலக அறிவியல் வரலாற்றை எழுதிய மேதைகளில் ஒருவர்கூட இந்தக் கடையைக் குறிப்பிடவில்லை. அவசரத்தில் விட்டிருப்பார்கள். அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே கடை உரிமையாளர் ஹனீஃபாவின் சரித்திரத்தை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

ஹனீஃபாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. சந்துக்கே அவர் பாய். முப்பது வருடமாகப் படங்களுக்குச் சட்டம் போட்டு வருகிறார். மயிலாப்பூரில் எந்த வீட்டில் எந்தச் சாமி எந்தச் சுவரில் இருக்கிறது என்பது அந்தந்த வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். முருகன் என்றால் மூலைக்கு மூலை வேல். பெருமாள் என்றால் சங்கு சக்கரம் வைத்த தங்க நிறச் சட்டம். வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளையில் நீலக் கோடு. மக்கா மதீனாவுக்குப் பச்சை வெல்வெட். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சீரோ வாட் பல்பு, அதிலிருந்து ஒரு முழம் வயர்.

படத்தை யார் கொண்டுவந்து நீட்டினாலும் ஹனீஃபா இரண்டு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் வராமல் ரம்பத்தைத் தொட மாட்டார்.

"எந்த சாமி? ஆள் கீறாரா?"

இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஒரு துயர வரலாறு உண்டு. கடை போட்ட புதிதில் ஒரு குடும்பம் அப்பாவின் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. மனிதர் பட்டு வேட்டியும் மாலையுமாகக் கம்பீரமாக இருந்தார். ஹனீஃபா மனம் உருகி, சிவப்பு பல்பு வைத்து, கீழே பிளாஸ்டிக் மல்லிகையும் சுற்றிக் கொடுத்தார். மறுநாள் படத்தில் இருந்தவரே கடைக்கு நடந்து வந்தார். அது அவருடைய அறுபதாம் கல்யாணப் படம். "நான் இன்னும் கெளம்பலைப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படத்தைப் பலகைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் இருபத்திரண்டு வருடம் இருந்தார். கடையைத் தாண்டும்போதெல்லாம் ஹனீஃபாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டே போனார்.

அன்றிலிருந்து இன்னொரு வழக்கமும் வந்தது. சட்டம் போட்டதும் படத்தின் முதுகில் ஒட்டும் பழுப்புக் காகிதத்தில் ஹனீஃபா பென்சிலால் எழுதி வைப்பார். சாமி இன்னது, ஆள் உண்டு அல்லது இல்லை, சொன்னது யார். பத்து வருடம் கழித்துக் கண்ணாடி உடைந்து படம் திரும்பி வந்தாலும் தகராறு வராது.

இப்படிச் சாமிகளோடும் காலமானவர்களோடும் சுமுகமாக வாழ்ந்து வந்த மனிதருக்கு ஒரே ஒரு குறை. அவர் செய்த ஃபிரேம் எதுவும் பூஜையறையையும் சாவு வீட்டுக் கூடத்தையும் தாண்டிப் போனதில்லை. அவருடைய வேலையை மக்கள் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார்கள், அல்லது கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒழுங்காக நின்று, ஒருவரும் பார்த்ததில்லை.

அப்படிப் பார்க்கக்கூடிய சுவர் ஒன்று லஸ் பக்கம் இருந்தது. பங்குக் கோயிலை ஒட்டிய பழைய பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், அவர்கள் இன்னும் அட்மிஷன் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அங்கேதான் ஹனீஃபா பத்தாவது வரை படித்தார். அறிவியலில் முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். "உனக்கும் சயின்ஸுக்கும் ஸ்நானப் பிராப்தி கெடயாதுடா" என்று அன்றைய வாத்தியார் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியைக் கடக்க வேண்டியிருந்தால் ஹனீஃபா எதிர்ப் பக்கத்துப் பிளாட்பாரத்தில்தான் நடந்தார். முப்பத்தேழு வருடம், வெயிலில்.

அந்தப் பள்ளியின் பியூன் பவுல்சாமி ஒரு பிப்ரவரி மாதக் காலையில், கையில் சுருட்டிய காகிதங்களோடு கடைக்கு வந்து நின்றார்.

"பாய், புது லேப் கட்டிக்கீறாங்க. இருவத்தெட்டாம் தேதி சயின்ஸ் டே அன்னிக்குத் தெறக்குறாங்க. ஒம்போது படம். எச்செம் டீச்சர் உன்கிட்ட குடுக்கச் சொன்னாங்க. நல்லா போட்டுக் குடு."

ஹனீஃபா சுருளைப் பிரித்துப் பலகைமேல் வரிசையாகப் பரப்பினார். நியூட்டன், ஃபாரடே, மெண்டல், லெமேத்ர், இப்னு அல் ஹைதம், ராமானுஜன், மேரி க்யூரி, ஐன்ஸ்டீன், சந்திரசேகர். கீழே பெயர் அச்சடித்திருந்தது.

"ஒம்போதா? நவக்கிரகம் மாதிரி ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்காம மாட்டணுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

"சரி, ஆள் கீறாங்களா?"

"எல்லாம் பூட்டாங்க."

"எந்த சாமி?"

பவுல்சாமி தலையைச் சொறிந்தார். "இவங்க சைன்டிஸ்டு பாய்."

"சைன்டிஸ்டுன்னா வீட்ல சாமி இருக்காதா?"

பவுல்சாமி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர். லேபில் இருபது வருடமாகக் குடுவை கழுவுகிறவர். இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டிய நிலை அவருக்கு இதுவரை வந்ததில்லை. "நீயே பாத்து ஏதாச்சும் பண்ணு" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஒன்பதுக்கும் ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டத்தை அடித்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஹனீஃபாவால் முடியவில்லை. சாமி தெரியாமல் சட்டம் வெட்டுவது, ஆள் தெரியாமல் சோறு போடுவதைவிட மோசம் என்பது அவர் கொள்கை. அன்று மதியம் மனைவி ஜைதூன் பீயிடம் விஷயத்தைச் சொன்னார்.

ஜைதூன் பீ ராயப்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவர். இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்ததில் பாதியை அவரே படித்துவிட்டார்.

"ஒம்போது பேருக்கும் இன்னா மதம்னு தெரியணும், அவ்ளோ தானே?"

"மதம் இல்ல ஜைதூ. அது சர்டிபிகேட்ல கீறது. நெஞ்சுல இன்னா இருந்துச்சுன்னு தெரியணும். என்னிக்கும் நான் அதத் தானே கேக்குறேன்."

"செத்தவங்க நெஞ்சுல இருந்தத நான் எங்கிருந்து எடுக்கிறது?"

"ரெண்டு புக்ல ஒரே மாதிரி எழுதிருந்தா எடுத்துக்கலாம். ஒன்னுல மட்டும் இருந்தா, ஒன்னுன்னு எழுதிடலாம்."

இப்படியாக, எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் இல்லாமல், மாவு மில்லின் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. சாயங்காலம் ஜைதூன் பீ புத்தகத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து படித்துச் சொல்வார். ஹனீஃபா சட்டத்தை நாற்பத்தைந்து டிகிரியில் அறுத்துக்கொண்டே கேட்பார்.

"ஃபாரடே. இவரு சின்ன வயசுல புக் பைண்டிங் கடையில வேல பாத்தாராம்."

ரம்பம் நின்றது. "பசை, அட்டை, நூலு?"

"அதே தான். பைண்டிங்குக்கு வந்த புக்க படிச்சே பெரிய ஆளாயிட்டாரு. கரண்டு மோட்டாருக்கெல்லாம் அவரு தான் பிள்ளையார் சுழி. ஒரு சின்ன சபையில மூப்பரா இருந்து பிரசங்கமும் பண்ணிக்கினு இருந்திருக்காரு."

"நம்ம லைன்ல வந்த ஆளு" என்றார் ஹனீஃபா. ஃபாரடேவுக்கு இருப்பதிலேயே நல்ல ரோஸ்வுட் கிடைத்தது.

மெண்டல் வந்தபோது ரம்பம் இன்னும் நீண்ட நேரம் நின்றது. கிறிஸ்தவ மடத்துச் சாமியார். தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்து, அப்பன் சாயல் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்ற கணக்கைக் கண்டுபிடித்தவர். பிற்பாடு மடத்துக்கே தலைவர். வாத்தியார் வேலைக்கான பரீட்சையில் இரண்டு தடவை போனவர்.

"போனார்னா, பெயிலா?"

"பெயில் தான். ரெண்டு தடவையும்."

ஹனீஃபா மெண்டலின் படத்தை எடுத்துக் கண்ணாடித் துணியால் ஒருமுறை துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

லெமேத்ர் பாதிரியார். பிரபஞ்சம் ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வெடித்து விரிந்தது என்ற கருத்துக்கு வழி போட்டவர். ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னது மயிலாப்பூர் அறிந்த விஷயம், புத்தகமே வேண்டாம். ஹைதம் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருட்டறையில் ஓட்டை போட்டு ஒளியைப் பிடித்தவர், உண்மையைத் தேடுவதுதான் இறைவனை நெருங்கும் வழி என்று நம்பியவர். நியூட்டன் கொஞ்சம் சிக்கல் செய்தார்.

"பைபிளப் பத்தி லட்ச லட்சமா எழுதிக் குவிச்சிருக்காரு. ஆனா பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு சேர்த்து சொல்றாங்கல்ல, அத ஒத்துக்கல. வெளிய சொன்னா வேல பூடும்னு பொட்டிக்குள்ள பூட்டி வெச்சிக்கினாரு."

"அப்ப சட்டத்துல புஸ்தகம் வரையலாம். சிலுவை வேணாம். பல்பு உண்டு."

மேரி க்யூரியும், நட்சத்திரங்களின் எடைக் கணக்கைச் சொன்ன சந்திரசேகரும் சிக்கலே செய்யவில்லை. நம்பிக்கை இல்லை என்று ஜைதூன் பீ இரண்டிரண்டு புத்தகத்திலிருந்து படித்தார். ஹனீஃபா இரண்டு சாதா தேக்குச் சட்டம் அடித்தார். மூலையில் பூ இல்லை, கீழே பல்பு இல்லை. அவர் கடையிலிருந்து மொட்டையாகப் போன முதல் இரண்டு ஃபிரேம்கள் அவை. இழைப்பு மட்டும் மற்றவற்றைவிட ஒரு பங்கு கூடுதல். அலங்காரம் இல்லாத இடத்தில் இழைப்புதான் பேச வேண்டும்.

ஐன்ஸ்டீன்தான் நான்கு நாள் தின்றார். ஒரு பக்கத்தில் சாமி என்றார். மறு பக்கத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்துகொண்டு நாம் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்றார். உலகம் ஓர் ஒழுங்கில் ஓடுகிறதே, அந்த ஒழுங்குதான் சாமி என்றார்.

"உண்டுன்னு போடவா, இல்லன்னு போடவா?" என்று கேட்டார் ஜைதூன் பீ.

ஹனீஃபா ஐன்ஸ்டீனின் கலைந்த தலையைப் பார்த்து வெகுநேரம் யோசித்தார். கடைசியில் சட்டத்தின் அடியில் துளை போட்டார். ஹோல்டர் வைத்தார். ஒரு முழம் வயரும் விட்டார். பல்பு போடவில்லை.

"கனெக்‌ஷன் குடுத்திருக்கேன். மேற்கொண்டு அவரு பாடு."

பிப்ரவரி இருபத்தேழு. மதியம் இரண்டரை மணிக்கு ஹனீஃபா முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு சாலையைக் கடந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்பது படங்களோடு பள்ளியின் கேட்டுக்குள் நுழைந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. பவுல்சாமி பாதிச் சுமையை வாங்கிக்கொண்டார்.

புது லேபில் இயற்பியல் ஆசிரியர் கருணாகரன் காத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது. சாமி இல்லை என்பதில் அசைக்க முடியாத பக்தி உள்ளவர். பள்ளி வாசலில் விஞ்ஞானி ராமனின் படம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் சயின்ஸ் டே காலையில் பவுல்சாமி அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பார். ஒன்பது மணிக்குக் கருணாகரன் கைக்குட்டையை நனைத்து அதைத் துடைப்பார். இந்த இருவரின் சேவையால் படக்கண்ணாடியில் அந்த ஓர் இடம் மட்டும் எப்போதும் பளபளவென்று இருக்கும். லேபின் கரும்பலகைக்கு மேலே, அழிக்க முடியாத பெயின்ட்டில், கருணாகரன் இரண்டே சொல் எழுதி வைத்திருந்தார்: ஆதாரம் எங்கே.

அவர் முதல் பொட்டலத்தைப் பிரித்தார். கோபுர வளைவு, இரண்டு பக்கமும் யானை, அடியில் சீரோ வாட் பல்பு, நடுவில் ராமானுஜன்.

"இன்னா பாய் இது?"

"ராமானுஜன் சார்."

"அது தெரியுது. பல்பு எதுக்கு?"

"எரியிறதுக்கு."

கருணாகரன் இரண்டாவதைப் பிரித்தார். பச்சை வெல்வெட்டில் ஹைதம். மூன்றாவதில் சிலுவை வேலைப்பாட்டோடு மெண்டல். அத்துடன் நிறுத்திவிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் பாடம் நடத்துகிற குரல் வந்துவிடும்.

"இது சயின்ஸ் லேப். புள்ளைங்க இங்க வந்து கன்னத்துல போட்டுக்கினு சூடம் கொளுத்தவா? எனக்கு முன்னாடியே சந்தேகம். அதான் டி. நகர்ல ஒரு பிரிண்டிங் கடையில சொல்லி வெச்சேன். ஒன்பது பேரும் கறுப்பு போர்டுல, சுத்தமா, ஒரு மதமும் இல்லாம. மூணு மணிக்கு வண்டி வந்துரும். நீங்க இதெல்லாம் எடுத்துக்கினு போயிடுங்க."

ஹனீஃபா பிரித்த செய்தித்தாளை மடித்துக்கொண்டே நின்றார். பத்தாவதில் அறிவியல் வாத்தியார் சொன்ன வாக்கியம் அவருக்கு அப்படியே ஞாபகம் வந்தது. ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் ஒரு வசதி உண்டு. பயப்படுவதற்கு முன்னால் வாய் பேசிவிடும்.

"போர்டுல ஆதாரம் எங்கேன்னு எழுதிக்கீறீங்களே சார். என்னை ஒரு வார்த்த கேக்கலியே."

கருணாகரன் பதில் சொல்வதற்குள் தலைமையாசிரியை மர்சலின் வந்துவிட்டார். நான்கு தலைமுறையாகப் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, மூன்று தலைமுறையாக அந்தப் பள்ளியில் பாடம் நடத்தும் குடும்பம். மெண்டலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. லெமேத்ரைப் பிரித்ததும் இன்னும் மலர்ந்தது. நியூட்டனைப் பிரித்ததும் நின்றது.

"இவருக்குச் சிலுவை எங்க பாய்?"

"அவரு மூணு பேர் சேர்ந்த கடவுள ஒத்துக்கல டீச்சர். ஒருத்தர் தான்னாரு."

"அப்ப உங்க ஆளா?"

"அப்டிலாம் நான் சொல்ல மாட்டேன். அதான் பச்சையும் போடல."

சொன்ன மூன்று மணிக்குச் சரியாக டி. நகர் வண்டி வந்தது. ஒன்பது கறுப்புப் போர்டுகள் இறங்கின. கருணாகரன் வெற்றி வீரரைப் போல முதல் போர்டின் உறையைக் கிழித்தார்.

அந்தக் கடைக்காரர் மேல் பழி சொல்லி ஒரு பயனும் இல்லை. சென்னையில் கறுப்புப் பின்னணியில் ஒரு முகத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும் எழுதித் தரச் சொன்னால் எந்த டிசைனரின் கையும் தானாக எங்கே போகுமோ, அங்கேதான் அவர் கையும் போயிருந்தது. நியூட்டனின் இடது தோளில் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. வலது தோளில் கூப்பிய இரண்டு கைகள். மேலே மின்னல் எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே தோற்றம் 1642, மறைவு 1727. அதற்கும் கீழே, 'உங்கள் பிரிவால் வாடும் மாணவ மாணவியர்'.

பவுல்சாமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஒம்போதும் இப்படித் தானா?" என்று கேட்டார் மர்சலின்.

கருணாகரன் இரண்டாவதைப் பிரித்தார். மேரி க்யூரியின் பிரிவாலும் அவர்கள் வாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதைப் பிரிக்கவில்லை.

"சரி. ஒன்னுமே வேணாம். சுவர் வெறுமையா இருக்கட்டும். வெறுஞ்சுவருக்கு மதம் இல்ல."

"நாளைக்குத் தெறப்பு விழா. சுண்ணாம்ப மட்டும் பாக்க ஃபாதர் வரணுமா?" என்றார் மர்சலின். பிறகு ஒரு பொட்டலத்தின் ஓரத்தை விலக்கி, மொட்டைச் சட்டத்தில் க்யூரியைப் பார்த்துவிட்டு, ஹனீஃபாவின் பக்கம் திரும்பினார். குரல் தேன் ஆனது. "பாய், உங்களதையே மாட்டிடலாம். கருணாகரன் சார் கிட்ட நான் பேசிக்கிறேன். ஒரே ஒரு சின்ன மாத்தம். க்யூரி அம்மாவுக்கு மட்டும் அந்த மாதா ஃபிரேம், வெள்ளையில நீலக் கோடு போட்டது, அதப் போட்டுக் குடுத்துடுங்க. ஞானஸ்நானம் வாங்கின புள்ள தானே. ரெண்டு மணி நேர வேல உங்களுக்கு."

ஒன்றரை மணி நேரம் போதும் என்பது ஹனீஃபாவுக்குத் தெரியும். கடையில் அந்த அளவில் மாதா ஃபிரேம் தயாராகவே இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது படமும் அந்தச் சுவரில் ஏறிவிடும். முப்பத்தொன்று மார்க் வாங்கியவனின் கைவேலையை வருடா வருடம் முந்நூறு பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் சுவரைப் பார்த்தார். ஆணி அடிக்க வேண்டிய ஒன்பது இடமும் ஏற்கெனவே மனதில் குறித்தாகிவிட்டது.

"முடியாது டீச்சர்."

"ஏன்?"

"அந்தம்மாவுக்கு அக்கா சின்ன வயசுலயே பூட்டாங்க. பத்து வயசுல அம்மாவும் பூட்டாங்க. அதோட சாமிய விட்டுட்டாங்க. கல்யாணத்தக்கூட கோயில்ல வெச்சிக்கல. அவங்க விட்டத நான் எடுத்தாந்து அவங்க மேலயே மாட்னா, பாத்து இன்னா நெனப்பாங்க?"

"அவங்க எங்க பாய் பாக்கப் போறாங்க?"

"மேல இருந்து பாத்துக்கினு இருப்பாங்கன்னு நீங்க தானே டீச்சர் சொல்றது."

மர்சலின் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைச் சரி செய்துகொண்டார்.

ஹனீஃபா குனிந்து செய்தித்தாளை விரித்தார். "போட்டா ஒம்போதும் இப்டியே போடுங்க. இல்லன்னா எடுத்துக்கினு போறேன்." ராமானுஜனில் தொடங்கிச் சுற்ற ஆரம்பித்தார். யானையின் தும்பிக்கை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியது.

"பாய், அந்த க்யூரி படத்தக் குடுங்க."

கேட்டது கருணாகரன். இதுவரை அவர் பிரித்தவை எல்லாம் பல்பு வைத்தவை. சாதா தேக்கில் ஒரு படம் இருப்பதையே அவர் பார்த்திருக்கவில்லை. வாங்கி, சட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். ஒரு சிலாம்பு கிடையாது. திருப்பினார். முதுகில் பென்சில் எழுத்து.

'மேரி க்யூரி அம்மா. ஆள் இல்லை. சாமி: சிறு வயதில் இருந்தது, பிறகு விட்டது. பூ, பல்பு வேண்டாம். ஆதாரம்: இரண்டு புத்தகம். படித்தது ஜைதூன்.'

கருணாகரன் சந்திரசேகரை எடுத்தார். பிறகு ஐன்ஸ்டீனை எடுத்தார். 'சாமி: உண்டு, இல்லை. உலகத்தின் ஒழுங்கே சாமி என்கிறார். கூப்பிட்டால் வரும் சாமி இல்லை என்கிறார். வயர் மட்டும்.' தொங்கிய வயரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார், விட்டார். ஒன்றன் பின் ஒன்றாக ஒன்பதையும் மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துப் படித்தார். விடைத்தாள் திருத்துகிற முகம்.

"ஹைதமுக்கு ஆதாரம் ஒன்னு தான் போட்டிருக்கீங்க."

"ஒன்னு தான் சார் கெடச்சுது. படமும் யாரோ மனசுல நெனச்சி வரைஞ்சது தான். அதையும் கீழ எழுதிக்கீறேன்."

இந்த இடத்தில் கருணாகரனைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருடமாக அவர் பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டுத் திருத்துகிறார். புவியீர்ப்பை அளக்கும் தனி ஊசல் சோதனையில் எந்த மாணவனுக்கும் இதுவரை 9.8 தவிர வேறு எண் வந்ததில்லை. நூல் அறுந்தவனுக்கும் 9.8. அன்று லீவு போட்டவனுக்கும் 9.8. விடை என்ன வர வேண்டும் என்பது தெரிந்துவிட்ட பிறகு, வந்ததை வந்தபடி எழுதிய ஒருவரை அவர் தேடிக்கொண்டே இருந்தார். அந்த ஆள் இப்போது வெள்ளைச் சட்டையில், அக்குளில் செய்தித்தாளோடு, எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"பவுல்சாமி, சுத்தியல் எங்க?"

"எதுக்கு சார்?"

"ஆணி அடிக்க. வேற எதுக்கு?"

"பல்பு?" என்றார் மர்சலின் மெதுவாக.

"இருக்கட்டும் டீச்சர். அந்த ஆறு பேர் நம்புனாங்க. அதுக்கு ஆதாரம் இருக்கு. சாமி இருக்குறதுக்கு இன்னும் வரல. ரெண்டும் வேற வேற கேள்வி." பிறகு ஹனீஃபாவைப் பார்த்தார். "மூணாவது ஆணி கொஞ்சம் எடப் பக்கம் வரணுமோ?"

"ரெண்டு விரக்கடை சார்" என்றார் ஹனீஃபா.

மறுநாள் பத்து மணிக்குப் பங்குத் தந்தை வந்து சுவிட்சைப் போட்டார். ஆறு பல்பு எரிந்தது. இரண்டு சட்டம் இழைப்பின் பளபளப்பில் நின்றது. ஒரு வயர் தொங்கியது. பள்ளிக்கூடத்து விழாக்களில் பிள்ளைகள் வழக்கமாக லட்டு எப்போது தருவார்கள் என்று மட்டுமே கேட்பார்கள். அன்று பத்தாம் வகுப்புக் கயல் என்ற பெண் எழுந்து வேறு ஒன்றைக் கேட்டாள்.

"சார், ஐன்ஸ்டீனுக்கு மட்டும் பல்பு பியூஸ் போயிடுச்சா?"

கருணாகரன் பதில் சொல்லத் தொடங்கினார். க்யூரிக்கு ஏன் வயரே இல்லை என்று ஒரு பையன் கேட்டான். பரீட்சையில் இரண்டு தடவை பெயிலானவர் என்று கருணாகரன் பேச்சோடு பேச்சாகச் சொன்னவர் யார் என்று இன்னொருவன் கேட்டான், அவனுக்குச் சொந்தக் காரணம் இருந்திருக்க வேண்டும். சுவர் முன்னால் கூட்டம் கூடியது. நிமிர்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு பார்த்தார்கள். லட்டு வந்தது, ஒருவரும் திரும்பவில்லை. பங்குத் தந்தை பசியோடு காத்திருந்தார். கேள்வி நிற்க நாற்பது நிமிடம் ஆனது.

ஹனீஃபா கடைசி வரிசையில் ஜைதூன் பீயோடு நின்றிருந்தார்.

"இன்னாங்க, கண்ணு கலங்குது?"

"பெயின்ட் வாசனை" என்றார் ஹனீஃபா. லேபுக்குப் பெயின்ட் அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

திரும்பும்போது மர்சலின் கேட் வரைக்கும் வந்து, அடுத்த வருடம் வேதியியல் லேபுக்கு இன்னும் எட்டுப் பேர் என்றார். ஹனீஃபா பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பிளாட்பாரத்திலேயே நடந்து வீட்டுக்குப் போனார். அந்தப் பக்கத்தில் மர நிழல் உண்டு என்பது முப்பத்தேழு வருடம் கழித்து அவருக்குத் தெரிய வந்தது.

மார்ச் முதல் வாரத்தில் கடையின் பெயர்ப் பலகை புதிதாக எழுதப்பட்டது. 'சாமி படம், அமரர் படம்' என்று இருந்த இடத்துக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி: 'விஞ்ஞானி படம்'. பெயின்ட் காய்வதற்குள் அதன் கீழே கருணாகரன் வந்து நின்றார். கையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். மீசை வைத்த ஒரு மனிதர், நேராகக் காமிராவைப் பார்த்து வாதாடத் தயாராக இருந்தார்.

"எங்க அப்பா."

ஹனீஃபா படத்தை வாங்கினார். யாராக இருந்தாலும் முறை முறைதான். "ஆள்?"

"போன வருஷம் ஐப்பசியில."

"எந்த சாமி?"

"எந்த சாமியும் இல்ல. கடைசி வரைக்கும் இல்ல. ஆஸ்பத்திரியில ஒருத்தர் விபூதி கொண்டாந்தப்போ கைய நகத்திட்டாரு. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"அப்ப சாதா தேக்கு. வெள்ளிக்கிழமை வாங்க."

கருணாகரன் போகவில்லை. பலகைமேல் கிடந்த மரத்தூளை விரலால் ஒதுக்கினார். மாவு மில் ஒரு முறை ஓடி நின்றது.

"அம்மா தெனம் சாயங்காலம் அந்த சுவத்துக்கிட்ட போய் நிக்கிறாங்க பாய். இருட்டா இருக்குதுங்கிறாங்க." மரத்தூளை மறுபடி ஒன்றாகக் குவித்தார். "ஒரு வயர் மட்டும் விட்டு வைங்க."

ஹனீஃபா பழுப்புக் காகிதத்தை வெட்டி, நாக்கில் பென்சிலைத் தொட்டு எழுதினார். 'சாமி இல்லை. ஆதாரம்: மகன், நேரில் பார்த்தது. வயர் உண்டு. கேட்டது: மனைவி.'